அடிமைச் சந்தையில் மாலை ஆறு மணிக்கு வரவேற்பு

கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பதென்றால் நமக்குத் தெரிந்த கேள்விகள் நாலைந்துதான். ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம், வண்டி நிறுத்த இடம் உண்டா, ஜெனரேட்டர் ஓடுமா, பாத்திரம் அவர்களுடையதா நாம் கொண்டுபோக வேண்டுமா. கையில் டாலர் புரள்கிறவர்களுக்கு இதெல்லாம் அற்ப விஷயம். அவர்களுக்கு வேண்டியது வரலாறு. அதுவும் சும்மா வரலாறு இல்லை. சுவரில் காவி பூசி, பால்கனியில் போகன்வில்லா வழிந்து, மாலை வெயிலில் பொன்னாக ஜொலிக்கிற வரலாறு. அது கரீபியன் கடலோரத்தில், மயாமியில் விமானம் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள், டாலருக்கு நிறைய பெசோ கிடைக்கிற நாட்டில் அமைந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கும் திருப்தி, பெண் வீட்டாருக்கும் திருப்தி.

அப்படி ஓர் ஊர் இருக்கிறது. கொலம்பியாவின் கார்த்தஹேனா. 1533இல் ஸ்பானியர்கள் நிறுவிய துறைமுகம். பழைய நகரைச் சுற்றி ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குக் கட்டிய கல் மதில். 1984இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கப் பணக்காரர்களும் பொகோட்டாவின் பெரிய இடத்துப் பிள்ளைகளும் இப்போது கல்யாணத்துக்குத் தேடி வரும் ஊர் இது. கல்யாண ஏற்பாட்டாளர்கள் நீட்டும் வழவழ கையேட்டில் மதில் இருக்கும், மணிக்கூண்டு இருக்கும், டிரோனிலிருந்து எடுத்த சிவப்பு ஓட்டுக் கூரைகள் இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை காற்று பலமாக வீசும், முக்காட்டை ஊசி போட்டு இறுக்குங்கள் என்ற அக்கறையான எச்சரிக்கைகூட இருக்கும். கையேட்டில் விட்டுப்போன சில விவரங்களை மணமக்களின் வசதிக்காக நான் எழுதுகிறேன். கமிஷன் வேண்டாம்.

முதலில் கோயில். கிராக்கி அதிகம் உள்ளவற்றில் ஒன்று சான் பெத்ரோ கிளாவேர் ஆலயம். குவிமாடம் பார்க்க அம்சமாக இருக்கும். உள்ளே போனால் பீடத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பேழை. அதில் ஒரு மனிதரின் எலும்புகள், மண்டையோட்டோடு. உங்கள் பூ அலங்காரம் வெள்ளை ரோஜா என்றால் எலும்பின் நிறத்தோடு ஒத்துப்போகும், கவலை வேண்டாம்.

எலும்புக்குரியவர் பெத்ரோ கிளாவேர், ஸ்பெயினிலிருந்து 1610இல் இங்கே வந்த ஏசு சபைத் துறவி. தென்னமெரிக்காவின் ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு ஆப்பிரிக்க அடிமைகள் வந்து இறங்கும் பெரிய வாசலாக அப்போது கார்த்தஹேனா இருந்தது. கப்பல் வந்தது என்று தெரிந்தால் கிளாவேர் படகேறிப் போவார். கப்பலின் அடித்தளத்தில், மலமும் சீழும் செத்தவர்களும் சாகப்போகிறவர்களும் ஒன்றாகக் கிடக்கும் இருட்டில் இறங்குவார். எலுமிச்சையும் ஆரஞ்சும் சாராயமும் புகையிலையும் கொடுப்பார், புண் துடைப்பார், ஞானஸ்நானம் கொடுப்பார். 1622இல் தன் துறவற உறுதிமொழித் தாளில், ஆப்பிரிக்கர்களுக்கு என்றென்றும் அடிமை என்று கையெழுத்துப் போட்டார். மூன்று லட்சம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது மரபு வழிக் கணக்கு. 1654இல் இறந்தார், 1888இல் புனிதராக்கினார்கள்.

அவரை நான் கேலி செய்யவில்லை. அந்த இருட்டுக்குள் இறங்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. ஆனால் அவருக்கு ஆப்பிரிக்க மொழிகள் பலவும் தெரியாதே, எப்படிப் பேசினார்? மொழிபெயர்ப்பாளர்களை வைத்துப் பேசினார். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் யார்? ஏசு சபைக் கல்லூரிக்குச் சொந்தமான அடிமைகள். அங்கோலாவிலிருந்து வந்த ஆந்த்ரேஸ் சகபூச்சே அவர்களில் ஒருவர். கிளாவேரோடு அதே அடித்தளத்தில் இறங்கியவர், அதே நாற்றத்தை முகர்ந்தவர். பிற்பாடு கிளாவேரைப் புனிதராக்கும் விசாரணையில் சாட்சி சொன்னவரும் அவர்தான். அடிமைகளின் அடிமைக்கும் அடிமைகள் இருந்தார்கள். புனிதர் பட்டமும் கண்ணாடிப் பேழையும் அவர்கள் பக்கம் வரவில்லை. மோதிரம் மாற்றும்போது பேழையின் பக்கம் பார்வை போனால் அவர்களையும் ஒரு நொடி நினையுங்கள். புகைப்படக்காரர் கோபித்துக்கொள்வார், பார்வை காமிராவை விட்டு விலகக் கூடாது.

இன்னொன்று. இந்த ஆலயத்தில் கல்யாணம் நடக்க வேண்டுமானால் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். திருச்சபை விதி அது, தப்புச் சொல்ல முடியாது. கிளாவேர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களின் வாரிசுகள் இந்த ஊரில் ஏராளம். அவர்களிடம் சான்றிதழுக்குக் குறைவில்லை. சனிக்கிழமை மாலை இந்தச் சதுக்கத்தில் நாற்காலி போட்டு முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடும் காசுதான் இல்லை.

பீரங்கிக் குண்டு விழுந்த கோயில்தான் வேண்டும் என்றால் சான்தோ தோரிபியோ இருக்கிறது. 1741இல் ஆங்கிலேயர் சுட்ட குண்டு பூசை நடக்கும்போது உள்ளே வந்து விழுந்தது, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மாமியார் பக்கத்தை அதன் அருகே உட்கார வைக்கலாம்.

ஆசீர்வாதம் முடிந்ததா? இனி ஊர்வலம். மணிக்கூண்டு வாசலுக்கு உள்பக்கம் பிளாசா தே லோஸ் கோச்சேஸ், வண்டிகளின் சதுக்கம். மஞ்சள் கட்டடங்கள், வளைவு வளைவான தாழ்வாரம். தாழ்வாரத்தில் இனிப்புக் கடைகள் வரிசையாக இருக்கும். கண்ணாடி ஜாடிகளில் தேங்காய் பர்பி மாதிரி ஒன்று, புளி உருண்டை, பால்கோவா நிறத்தில் இன்னொன்று. ஜாடி மூடியைத் திறந்து, நீளமான கிடுக்கியால் எடுத்து, காகிதத்தில் வைத்து நீட்டுகிற பெண்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். காமிராவுக்கு அழகான இடம். டிரோன் தாழ்ந்து வந்து ஒரு சுற்றுச் சுற்றும்.

இங்கேதான் மனிதர்களை விற்றார்கள்.

விற்பதற்கு முன் அளந்தார்கள். ஏறத்தாழ ஏழு சாண் உயரம், இளம் வயது, நோயில்லாத ஆண் என்றால் ஓர் உருப்படி. அதற்குக் குறைந்தவர்கள், வயதானவர்கள், குழந்தைகள் எல்லாம் உருப்படியின் பின்னங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒன்று, மூன்று பேர் சேர்ந்து இரண்டு என்று கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டு போவான். பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு. இன்று அதே கல் தரையில் மணப்பெண்ணின் கவுனுக்கு எவ்வளவு நீள வால் வைக்கலாம் என்று தோழிகள் கவலைப்படுகிறார்கள்.

சதுக்கத்தின் நடுவில் ஒரு சிலை நிற்கிறதே, சந்தையில் விற்கப்பட்டவர்கள் யாருடையதாவது இருக்கும் என்று நினைத்தீர்களா? நகரை நிறுவிய பெத்ரோ தே எரேதியா அது. மாட்ரிட் தெருச் சண்டையில் மூக்கறுபட்டு, வைத்தியரிடம் புது மூக்கு ஒட்டவைத்துக்கொண்டு வந்த வீரர் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. வந்த இடத்தில் அவர் செய்த பெரிய காரியம் சேனூ பழங்குடி மக்களின் சமாதிகளைத் தோண்டித் தங்கம் எடுத்தது. பிணத்தின் மேலிருந்த நகையைப் பறித்தவருக்குச் சந்தைச் சதுக்கத்தில் பீடம், வாளோடு. ஊர்வலத்தில் வருகிற அத்தைகள் நகையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் இப்படி ஒரு விவகாரம் நடந்தது ஞாபகமிருக்கலாம். அங்கே தென் மாநிலங்களில் பழைய பருத்தித் தோட்டத்து மாளிகைகளில் கல்யாணம் செய்வது நெடுங்கால வழக்கம். அடிமைகள் செத்த இடத்தில் கேக் வெட்டுவதா என்று கேள்வி கிளம்பி, 2019இல் பின்டரஸ்ட், தி நாட் போன்ற தளங்கள் அந்த மாளிகைகளைப் பரப்புவதைக் குறைத்தன. தென் கரோலினாவின் அப்படியொரு தோட்டத்தில் 2012இல் மணம் முடித்த நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் 2020இல் வருத்தம் தெரிவித்தார். கார்த்தஹேனாவுக்கு அப்படி ஒரு சங்கடமும் இல்லை. தோட்டத்து மாளிகையில் அடிமைத்தனம் என்றால் அமெரிக்கனுக்கு உறுத்துகிறது. அதே சரக்கை ஸ்பானிய மொழியில், வெயிலில், மொஹீட்டோ கையில் கொடுத்துப் பாருங்கள், பாரம்பரியம் என்பான்.

வரவேற்புக்கு உள்ளரங்க இடம் தேடினால் போலிவார் சதுக்கத்தில் விசாரணை மன்ற மாளிகை. கல்லில் செதுக்கிய வாசல், மர பால்கனி, உள்ளே மரங்கள் அடர்ந்த முற்றம். இப்போது நகர வரலாற்று அருங்காட்சியகம். மதத் துரோகிகளைப் பிடிக்கும் புனித விசாரணை மன்றம் 1610இல் இங்கே வந்தது. கிளாவேர் வந்த அதே ஆண்டு. ஒரே கப்பல்காரன் இருவரிடமும் கூலி வாங்கியிருக்கலாம். பக்கச் சுவரில் சிறிய ஜன்னல் ஒன்று, மேலே சிலுவை. யார் மேல் பகையோ அவர் பேரை அதன் வழியே போட்டுவிட்டுப் போகலாம், போட்டவர் பேர் வெளியே வராது. நம் ஊர் மொட்டைக் கடுதாசிக்கு அவர்கள் ஆசீர்வாதத்தோடு ஜன்னல் கட்டியிருந்தார்கள்.

காதலைக் கொண்டாட இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடையாது. ஏனென்றால் இந்த மன்றம் இழுத்துவந்த பெண்கள் பலர் மேல் இருந்த குற்றச்சாட்டே காதல்தான். ஓடிப்போன புருஷனைத் திரும்பி வரவைக்க மூலிகை கொடுத்தாள், ஆசைநாயகனை வேறொருத்தி பக்கம் போகாமல் கட்ட மந்திரம் சொன்னாள், எஜமானனின் கோபம் தணியப் பொடி தூவினாள். குற்றவாளிகளில் அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்புப் பெண்களும் நிறையப் பேர். வாடிக்கையாளர்களில் வெள்ளைக்காரச் சீமாட்டிகளும் இருந்தார்கள்.

பவுலா தே எகிலூஸ் என்றொரு பெண். சான்தோ தொமிங்கோவில் அடிமையாகப் பிறந்து, கியூபாவில் வாழ்ந்து, 1624இல் சூனியக்காரி என்று இங்கே கொண்டுவரப்பட்டவர். 200 கசையடி. பிறகு ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்யும் தண்டனை. அங்கே வைத்தியம் இன்னும் நன்றாகக் கற்றுக்கொண்டார். 1630களில் மீண்டும் பிடித்தார்கள், மீண்டும் விசாரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கைதியாக இருக்கும்போதே ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்க அவரை வெளியே அழைத்துப் போனார்கள். காலையில் சூனியக்காரி, மதியம் டாக்டரம்மா. சாத்தானோடு கூட்டு என்று தீர்ப்பெழுதும் கூட்டத்துக்கு உடம்பு நோகும்போது சாத்தானின் கைராசி தேவைப்பட்டது.

இப்படியொரு வளாகத்தில் மணமகன் எழுந்து, அவள் என்னை மயக்கிவிட்டாள் என்று கண் கலங்கப் பேசுவான். கைதட்டுவார்கள். 1632இல் அந்த ஒரு வாக்கியம் போதும், அவளைத் தூக்கிப்போய் மாடியில் வைத்து விசாரித்திருப்பார்கள்.

மதில் மேல் விருந்து வைக்கலாம், திறந்தவெளி, கடல் காற்று. இது நிறையப் பேருக்குப் பிடித்த ஏற்பாடு. 1586இல் பிரான்சிஸ் ட்ரேக் வந்து ஊரைப் பிடித்து, 1,07,000 துக்காத் பிணைப்பணம் வாங்கிக்கொண்டு போன பிறகு இத்தாலியப் பொறியாளர் அந்தொனெல்லி போட்ட மதில் திட்டம், முடிய 1796 ஆயிற்று. இருநூறு ஆண்டுக்கு மேல் கல் சுமந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பளப் பட்டியல் தேடாதீர்கள். கொத்தளங்களைப் பராமரிக்கும் பொது அமைப்பு அவற்றை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுகிறது, அந்தப் பணம் கல்லைப் பராமரிக்கப் போகிறது. கல்லுக்குச் செய்யும் கடமையில் குறை சொல்ல முடியாது. சதுக்கமும் மதிலும் கல்யாண நாளில் கயிறு கட்டி மூடப்படும்போது மட்டும், தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவன் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எதிரி உள்ளே வராமலிருக்கக் கட்டிய மதில் இப்போது ஊர்க்காரனை வெளியே நிறுத்துகிறது.

மதில் என்றதும் ஒரு சந்தோஷச் செய்தி. ப்ரீ வெடிங் ஷூட் என்று இப்போது ஒரு மோகம் இருக்கிறதே, அதன் மூலபுருஷர் கார்த்தஹேனாவைத் தாக்க வந்த ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் வெர்னன். 1741இல் 180க்கு மேற்பட்ட கப்பல்களோடு வந்தார். வெற்றி நிச்சயம் என்று இங்கிலாந்தில் பதக்கமே அடித்து வெளியிட்டுவிட்டார்கள், ஸ்பானியத் தளபதி பிளாஸ் தே லேசோ மண்டியிட்டு வாளை ஒப்படைப்பது போல. லேசோவுக்கு ஒரு கால்தான், ஒரு கண்தான், ஒரு கை வேலை செய்யாது. பதக்கத்தில் மட்டும் இரண்டு காலும் முழுசாகப் போட்டு மண்டியிட வைத்தார்கள். நிஜத்தில் தோற்றது வெர்னன். மஞ்சள் காய்ச்சலில் ஆயிரமாயிரமாக ஆள் செத்து, திரும்பிப் போனார். படத்துக்கும் நடப்புக்கும் சம்பந்தம் வேண்டியதில்லை என்ற விதி அன்றே உண்டாகிவிட்டது.

2014இல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் இந்த ஊருக்கு வந்து, அந்த முற்றுகையில் செத்த ஆங்கிலேயருக்கு சான் ஃபெலிப்பே கோட்டையில் ஒரு கல்வெட்டுத் திறந்தார். ஊர் கொதித்தது. எங்களை அழிக்க வந்தவனுக்கு எங்கள் கோட்டையில் நினைவுக்கல்லா என்று கேட்டார்கள். ஒருவர் சுத்தியலோடு போய் அடித்தே உடைத்தார். மேயர் கல்லை எடுக்கச் சொன்னார். நியாயமான கோபம். ஆனால் அந்தச் சுத்தியல் எரேதியாவின் சிலைப் பக்கம் வழி தெரியாமல் நிற்கிறது.

இப்போது வாசலில் வரவேற்பு. பன்னீர் தெளிக்க, சந்தனம் கொடுக்க நமக்குத் தாம்பாளத்தோடு பெண்கள் நிற்பார்கள். கார்த்தஹேனா கல்யாணங்களில் அதற்குப் பலென்கேரா. மஞ்சள், நீலம், சிவப்பு என்று கொடி நிறத்தில் அடுக்கடுக்கான பாவாடை, தலையில் கொண்டை போல முறுக்கிய துணி, அதன்மேல் எனாமல் கிண்ணம் நிறையப் பப்பாளி, அன்னாசி, தர்ப்பூசணி. மணிக்கணக்கில் நிற்க வேண்டும். விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து இடுப்பில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். கிண்ணத்தைத் தலையிலிருந்து இறக்கினால் படம் கெட்டுவிடும். பழம் சாப்பிடுவதற்கு இல்லை, காட்சிக்கு. இரண்டு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று கையேட்டில் பூ அலங்காரத்துக்குப் பக்கத்தில் இவர்களுக்கும் ஒரு வரி இருக்கும்.

இவர்கள் யார் தெரியுமா? நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி சான் பசீலியோ தே பலென்கே என்ற ஊர். இதே கார்த்தஹேனாவிலிருந்து தப்பி ஓடிய அடிமைகளும் அவர்கள் வாரிசுகளும் காட்டுக்குள் வேலி கட்டி, ஆயுதம் ஏந்தி, ஸ்பானியப் படையைத் தடுத்து நிறுத்தி வாழ்ந்த ஊர். பேசுவதற்குத் தனி மொழியே உண்டாக்கிக்கொண்டவர்கள். அமெரிக்கக் கண்டத்தின் முதல் சுதந்திர ஊர்களில் ஒன்று என்று பேர் பெற்ற ஊர், 2005இல் யுனெஸ்கோ பாராட்டிய மரபு. அந்தப் போராட்டத்தின் தலைவர் பென்கோஸ் பியோஹோ. அடக்க முடியாமல் ஆளுநர் சமாதானம் பேசினார். பியோஹோ நகருக்குள் சுதந்திர மனிதராக நடமாடினார், ஸ்பானிய உடை உடுத்தினார். பிறகு ஆட்சி மாறியது, வாக்கு மீறினார்கள், பிடித்தார்கள், 1621இல் இந்த நகரில் தூக்கிலிட்டார்கள்.

அவர் வழி வந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பழமும் இனிப்பும் தலையில் சுமந்து நகரத்துக்கு வந்து விற்றுக் குடும்பம் காத்தார்கள். வெயிலில் தெருத் தெருவாகக் கூவி நடந்தவர்கள். அந்த உழைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உடுப்பை மட்டும் வாடகைக்கு எடுக்கிறீர்கள். சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனின் பேத்தியை, அவன் ஓடிய அதே வாசலில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சிரிக்கச் சொல்கிறீர்கள். இதற்குக் கலாசார வரவேற்பு என்று பேர் வைத்தவன் எவனோ, அவன் வீட்டுக் கிழவியை யாராவது இப்படி நிறுத்தினால் தாங்குவானா?

சரி, தங்கும் இடம். பழைய சான்தா கிளாரா கன்னிமாடம் இப்போது நட்சத்திர விடுதி. 1949இல் இளம் நிருபராக இருந்த நாவலாசிரியர் மார்க்வெஸ் அதன் புதைகுழிகளைக் காலி செய்வதைப் பார்க்கப் போன கதையை ஒரு நாவலின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். கன்னிமாடம், ஆஸ்பத்திரி, சிறை, விடுதி என்று அதன் வாழ்க்கையில் கடைசியாக வந்ததுதான் உள்ளே போகக் காசு கேட்கிறது. மாப்பிள்ளைத் தோழர்கள் முதல் நாள் இரவே வந்துவிடுவார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். 2012இல் உச்சி மாநாட்டுக்கு முன்னால் வந்த அமெரிக்க அதிபரின் பாதுகாப்புப் படையினரே இந்த ஊரில் பெண்களுக்குக் காசு தருவதில் தகராறு செய்து உலகம் முழுக்க நாறினார்கள். மாப்பிள்ளைத் தோழர்கள் அவர்களைவிட யோக்கியர்களாக இருப்பார்கள் என்று நம்புவோம்.

விடுதியின் கூரைத் தளத்திலிருந்து பார்த்தால் ஊர் சுத்தமாகத் தெரியும். அந்தச் சுத்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கடல் பக்கம் மதிலை ஒட்டி பெக்கின், புவேப்லோ நுவேவோ, பொகெத்தீயோ என்று மூன்று ஏழைக் குடியிருப்புகள் இருந்தன. 1930களின் கடைசியில் அகற்றினார்கள். மதிலின் மறுபக்கம் நீர்நிலை ஓரத்தில் சாம்பகூ, கறுப்பின மக்களின் பெரிய குடியிருப்பு. மனுவேல் சப்பாத்தா ஒலிவெய்யா 1960களில் அதை வைத்தே ஒரு நாவல் எழுதினார். 1970களின் தொடக்கத்தில் அதையும் காலி செய்து ஆட்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். மதில் பழைமை, அதைக் காப்பாற்ற வேண்டும். மதிலைக் கட்டியவர்களின் வாரிசுகள் குப்பை, அவர்களை அப்புறப்படுத்த வேண்டும்.

இப்போது முறை ஹெத்செமானிக்கு. கைவினைஞர்களும் விடுதலை பெற்ற கறுப்பர்களும் கலப்பினத்தாரும் வாழ்ந்த பகுதி. 1811 நவம்பர் 11ஆம் தேதி நகரம் ஸ்பெயினிடமிருந்து முழுச் சுதந்திரம் அறிவித்ததே, அன்று பெரிய வீட்டுக் கனவான்கள் தயங்கி நின்றபோது தெருவில் இறங்கி அவர்களைக் கையெழுத்துப் போட வைத்தது ஹெத்செமானிக் கூட்டம்தான். இங்கே யாரையும் புல்டோசர் வைத்து அகற்றவில்லை, காலம் நாகரிகமாகிவிட்டது. வாடகை ஏறுகிறது, வரி ஏறுகிறது, பக்கத்து வீடு விடுதியாகிறது, எதிர் வீடு மதுக்கடையாகிறது. பாட்டி வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகள் தூரத்துக்குப் போகிறார்கள். அவர்கள் போன சுவரில் அவர்கள் முகத்தையே பெரிய சித்திரமாக வரைந்து, அதன் முன்னால் உங்களைப் படமெடுக்கிறார்கள்.

எங்கே போகிறார்கள்? ஒலாயா, எல் போசோன், வன்முறைக்குத் தப்பி வந்த அகதிகள் 1990களில் குடிசை போட்ட நெல்சன் மண்டேலா. மண்டேலாவின் பேரை எதற்கெல்லாம் வைக்கிறார்கள் பாருங்கள். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இந்த நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றது அரசுப் புள்ளிவிவரம். அதே ஆண்டு நவம்பரில் அயோட்டா புயலில் நகரத்தின் பெரும்பகுதி வெள்ளத்தில் கிடந்தது. கல்யாணத் திட்டத்தில் மழை வந்தால் மாற்று ஏற்பாடு என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள், கூடாரம், மரத்தளம், குடை. எல் போசோனுக்கு அப்படி ஒரு பக்கம் ஒதுக்க 2012க்கும் 2019க்கும் நடுவே வந்துபோன பத்துக்கும் மேற்பட்ட மேயர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. பாவம், நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிட வேண்டியிருந்தது.

தீவில் கல்யாணம் வேண்டுமானால் தியேரா போம்பாவுக்குப் படகு. பத்துப் பதினைந்து நிமிடம். வெள்ளைத் துணி கட்டிய கடற்கரைக் கூடாரம், நீச்சல் குளம், எதிரே நகரத்தின் வானளாவிய கட்டடங்கள். குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காதீர்கள். தீவின் கறுப்பின மீனவர்கள் நெடுங்காலமாகக் குழாய்த் தண்ணீர் இல்லாமல், படகில் வந்த தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடித்தவர்கள்.

நள்ளிரவுக்கு வருவோம். கொலம்பியக் கல்யாணத்தில் ஓரா லோகா என்று ஒரு மணி நேரம். முகமூடி, விசில், பொய்க்கால் ஆட்டக்காரர்கள், முரசு. விருந்தாளிகளுக்குக் கோட்டு கழன்றுவிடும். அப்போது போடும் பாட்டு சம்பேத்தா. ஆப்பிரிக்காவிலிருந்து துறைமுகம் வழியாக வந்த இசைத்தட்டுகளைக் கேட்டு, இந்த ஊரின் கறுப்பர் குடியிருப்புகளில், ஆளுயர ஒலிப்பெட்டிகளைத் தெருவில் அடுக்கி உண்டாக்கிய இசை. அந்த இசை கேட்பவன் என்றாலே கத்தி வைத்திருக்கும் ரவுடி என்று பெரிய இடத்தில் ஏசினார்கள். பிள்ளைகள் சம்பேத்தா ஆடுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015 வாக்கில் நகர மாமன்றத்தில் பேச்சு எழுந்தது. எல் போசோனில் பதினைந்து வயதுப் பெண் ஆடினால் ஒழுக்கக்கேடு. மதில் மேல் ஐம்பது வயது முதலீட்டு ஆலோசகர் இடுப்பை ஆட்டினால் உள்ளூர்ச் சுவை.

கடைசியில் மொய். இந்த நாட்டில் 1851இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது, 1852 ஜனவரி 1 முதல் எல்லோரும் விடுதலை. அந்தச் சட்டத்தில் இழப்பீடும் உண்டு. அடிமையாக இருந்தவனுக்கு அல்ல, சொத்தை இழந்த எஜமானனுக்கு. நம் கல்யாணங்களில் மொய் நோட்டு என்று ஒன்று உண்டு. யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. கார்த்தஹேனாவின் மொய் நோட்டில் செய்தவன் பேர் ஒரு பக்கம், திருப்பி வாங்கியவன் பேர் வேறு பக்கம்.

இதையெல்லாம் ஏற்பாட்டாளர்களிடம் சொன்னால் பதில் தயாராக வைத்திருப்பார்கள். கல்யாணம் நடந்தால்தானே ஐயா பரிமாறுகிறவனுக்கும் பூக்காரிக்கும் பலென்கேராவுக்கும் படகோட்டிக்கும் வேலை கிடைக்கிறது, அதையும் கெடுக்கப் பார்க்கிறீர்களா என்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. இந்த ஊரில் கறுப்பர்களுக்கு 1621இல்கூட வேலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.